பிரசவ அறையில் துணை: மனசை விட்டுப் போகாத ஒரு கணம்

அப்படி ஒரு கணத்தையும் அதிலிருந்து என்ன மாற வேண்டும் என்பதையும் சொல்லக் கேட்டதற்கு வந்த பதில்கள் இவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர் இருக்கிறது.

இரவுப்பணி

பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் உடன் இருக்கலாம் என்று உத்தரவு வந்து, சுவரில் ஒட்டியும் ஆகிவிட்டது. ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம், கர்ப்பப்பை வாய் 8 செ.மீ. திறந்திருக்கிறது. அவளுடைய அம்மா பின்னால் நின்று ஒவ்வொரு வலிக்கும் இடுப்பை அழுத்திக் கொடுக்கிறார். அடுத்த கட்டிலில் உள்பரிசோதனை. "வெளிய இருங்கம்மா." அம்மா நகர்ந்ததும் அந்தப் பெண்ணின் கை காற்றில் துழாவி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வலிக்கு அந்தக் கம்பிதான் துணை.

உத்தரவு தோற்றது ஒரு திரை இல்லாததால். துணையை உள்ளே விட வைக்கிற வேலையில் இறங்குகிற குழுக்கள் முதலில் கூரையைப் பாருங்கள். சக்கரம் வைத்த தடுப்பு வேண்டாம். அவசரத்தில் யாராவது வேறு வார்டுக்குத் தள்ளிப்போய்விடுவார்கள். மேலே கம்பி அடித்து, கட்டிலின் மூன்று பக்கமும் சுற்றி வருகிற துணித்திரைதான் நிற்கும். கட்டிலுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று சலவைக்குப் போனால் இன்னொன்று தொங்க வேண்டும். இல்லையென்றால் முதல் வாரத்திலேயே பழைய கதைதான்.

தலைமாட்டில் ஒரு ஸ்டூல். இது சின்ன விஷயம் இல்லை. உட்கார இடமில்லாத துணை கால்மாட்டில் வந்து நிற்பார், நர்ஸுக்கு இடைஞ்சலாவார், வெளியே அனுப்பப்படுவார். சேர்க்கும்போதே கேஸ் ஷீட்டில் துணையின் பெயரும் மாற்று ஆள் பெயரும் ஏற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஷிப்ட் மாறும்போது இதையும் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

துணைக்குழு

திரை பற்றிச் சொன்னது சரி. ஆனால் திரை, ஸ்டூல் எல்லாம் இருக்கிற வார்டிலும் இதுவே நடக்கிறது. அதனால் திரையில்தான் தோற்றது என்பதை ஏற்க முடியவில்லை. தோற்கிற இடம் தாள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் கொண்டுவந்த பிரசவக் கண்காணிப்புப் படிவத்தில், குழந்தையின் இதயத்துடிப்புக்கு இருப்பதுபோலவே துணைக்கும் ஒரு வரி இருக்கிறது. 5 செ.மீ.யிலிருந்து நிரப்ப வேண்டும். 'ஒய்' (Y) என்றால் துணை உண்டு, 'என்' (N) என்றால் இல்லை, 'டி' (D) என்றால் கேட்டோம், வேண்டாம் என்றார். 'என்' விழுந்தால் வட்டம் போட்டு ஏதாவது செய்தாக வேண்டும். 'டி' விழுந்தால் வேலை முடிந்தது.

ஒரு படிவத்தில் வரிசையாக நான்கு 'டி'. ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே மூச்சில் எழுதியது. துணைக்கு வந்த அக்கா அந்த நாலு மணி நேரமும் கதவுக்கு வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே தாளில் படுக்கை நிலைக்கும் ஒரு வரி உண்டு. மல்லாந்து படுத்திருந்தால் அதுவும் வட்டம் போட வேண்டியதுதான். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகிற ரத்தம் குறையும். "துடிப்பு பார்க்கணும், அதான் மல்லாக்கப் போட்டோம்" என்பார்கள். சிக்கல் இல்லாத பிரசவத்தில் துடிப்பைக் கேட்கிற கையடக்க டாப்ளர் கருவி போதும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு முழு நிமிடம். வலி வரும்போதே ஆரம்பித்து, வலி விட்ட பிறகும் 30 விநாடியாவது கேட்க வேண்டும். நின்றாலும் ஒருக்களித்தாலும் கேட்கலாம்.

கடிகாரமுள்

நான் சொல்ல வந்தது தொப்புள்கொடி. குழந்தை நல்லா அழுதது, சிவந்து இருந்தது, அம்மா வயித்து மேலயே இருந்தது. கொடி இன்னும் தடிச்சு, நீலமா, துடிச்சுக்கிட்டே இருக்கு. அதுல கொடியை இறுக்குற கிளாம்ப் விழுந்த சத்தம், "டக்". 20 விநாடிகூட ஆகலை.

1 நிமிஷமாவது, முடிஞ்சா 3 நிமிஷம் வரை காத்திருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். ரத்தப்போக்கைத் தடுக்கிற ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடணுமேன்னு அவசரப்படுறாங்க. கொடி வெட்டாமலே அந்த ஊசியைப் போடலாம், ரெண்டும் மோதாது. உண்மையில தடுக்கிறது கடிகாரம். அது முதுகுப் பக்கச் சுவர்ல இருக்கு, நேரத்தைச் சொல்ல ஆளில்லை. "ஒரு நிமிஷம் ஆச்சு"ன்னு சத்தமா சொல்றது யார்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. மூச்சு விடாத குழந்தைன்னா வேற கணக்கு, அங்க காத்திருக்கக் கூடாது.

பழையகோப்பு

மேலே மூவரும் எழுதியதைப் படித்தேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புகார் எழுதும் விதம்தான் பாதிக் காரியத்தைக் கெடுக்கிறது. "மோசமாக நடத்தினார்கள்" என்று எழுதினால் பதில் வராது. "காலை 4:10க்குத் துணையை அனுப்பினார்கள், 7:35க்குக் குழந்தை பிறந்தது, இடையில் திரும்ப அழைக்கவில்லை" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். கேஸ் ஷீட் நகலை முதலில் வாங்குங்கள். துணைக்கு வந்தவர் அதே நாளில் நேரங்களைக் குறித்து வைக்கட்டும். வாரம் போனால் நேரம் குழம்பும், கோபம் மட்டும் மிஞ்சும்.

1960இல் பிரிட்டனில் சாலி வில்லிங்டன் என்ற பெண் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்துதான், கர்ப்பிணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு பிறந்தது. பிறகுதான் மகப்பேறு சேவை மேம்பாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. ஒரு கடிதத்துக்கு அவ்வளவு வலு உண்டு.

சிசேரியன் விகிதம் கேட்கும் குழுக்களுக்கு இன்னொன்று. மொத்த விகிதத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். சிக்கலான பிரசவங்கள் வந்து குவிகிற ஆஸ்பத்திரியில் அது உயரமாகத்தான் இருக்கும், அவர்கள் சொல்வதும் நியாயம். பிரசவத்துக்கு வரும் பெண்களை வகை பிரிக்கிற ராப்சனின் 10 பிரிவுகள்படி கேளுங்கள். முதல் பிரிவு: முதல் பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, 37 வாரம் தாண்டியது, வலி தானாக வந்தது. அந்தப் பிரிவில் விகிதம் ஏறியிருந்தால் அங்கே கேள்வி இருக்கிறது. முந்தைய சிசேரியன் உள்ளவர்களில் ஒரே குழந்தை, தலை கீழே, 37 வாரம் தாண்டியவர்கள் ஐந்தாம் பிரிவு. இன்று முதல் பிரிவில் நடக்கிற ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தில் பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும்.

இரவுப்பணி

துணைக்குழுவுக்கு: அந்த 'டி' விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த எழுத்தைப் போடும் முன் பெண்ணிடமே, துணைக்கு வந்தவர் எதிரில் கேட்க வேண்டும் என்று வைத்தால் பாதி குறையும்.

ஆனால் நிமிர்ந்த நிலையைப் பேசும்போது மறுபக்கத்தையும் சொல்லுங்கள். வலி மரக்க முதுகில் போடும் ஊசி (எபிடூரல்) இல்லாத பிரசவத்தில் நின்றோ குந்தியோ முக்கினால் பிறப்புவழியில் கத்தி போடுவதும் ஆயுதம் வைத்து எடுப்பதும் குறையும். அதே ஆய்வுகளில் 500 மி.லி.க்கு மேல் ரத்தம் போவது கொஞ்சம் கூடியிருக்கலாம் என்றும் இருக்கிறது. அதனால் குழந்தை பிறந்த உடனே அளவுக்கோடு போட்ட பையைக் கீழே விரித்து அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிற கணக்கு பெரும்பாலும் குறைவாகவே வரும்.

நான் முதலில் சொன்ன அந்த அம்மாவைத் திரும்ப உள்ளே விட்டது தலை தெரிய ஆரம்பித்த பிறகு. கம்பியைப் பிடித்த கையை அவர் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.