காடிக்காரா, காடியோடியா? ஸ்லாட் காருக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பழைய ஸ்லாட் கார்களைப் பழுது பார்ப்பது பற்றி நான் எழுதும் வழிகாட்டிக்காக, ஸ்லாட் காரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டுப் பத்து நாள் ஆகிறது. வந்த மடல்கள் அத்தனையையும் படித்தேன். பாதி மடல்களை மேசையில் பிரித்துப் போட்ட ஒரு பழைய காரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படித்தேன். பரிந்துரை ஒவ்வொன்றையும் பழுது பார்க்கும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் முடிவுக்கு வழிகாட்டியது அதுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இது கைக்குள் அடங்கும் மின்கார். ஓடுதளத்தின் நெடுகிலும் ஒரு குறுகிய பள்ளம் போகும். பள்ளத்தின் இரு ஓரங்களிலும் உலோகப் பட்டைகள், அவற்றில் பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி. மின்சாரம். காரின் மூக்குக்கு அடியில் உள்ள சிறிய தகடு பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். தகட்டின் இருபுறமும் உள்ள செம்புக்கம்பிப் பின்னல்கள் பட்டைகளை உரசி மின்சாரம் எடுக்கும். ஸ்டியரிங் கிடையாது. கையில் இருக்கும் விசையை அழுத்தினால் வேகம், விட்டால் மெதுவு. வளைவில் விடத் தெரியாதவரின் கார் பள்ளத்திலிருந்து எகிறி நாற்காலிக்கு அடியில் போய் விழும்.

நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஜெராக்ஸ் என்று சொல்வதுபோல ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்றே வைத்துக்கொண்டால் என்ன?

பிரிட்டனில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் அவர்களுக்கு அது ஸ்கேலெக்ஸ்ட்ரிக்தான். ஆனால் அந்தப் பெயர் பிறந்த கதையைப் பாருங்கள். மினிமாடல்ஸ் நிறுவனத்தின் ஃபிரெட் ஃபிரான்சிஸ் 1952ல் சுருள்வில் விசையில் ஓடும் ஸ்கேலெக்ஸ் கார்களைக் கொண்டுவந்தார். பிறகு அவற்றுக்குள் மின்மோட்டாரை வைத்து, பள்ளத்தடத்தில் ஓடவிட்டு, 1957ல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் காட்டினார். ஸ்கேலெக்ஸும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஆனது. அது ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வைத்த பெயர். அமெரிக்காவில் அரோரா 1960ல் இறக்கிய குட்டிக் கார்களையும், ஜெர்மனியின் கரேரா கார்களையும் அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய கார்களைச் சேர்ப்பவர்களுக்கு எது யாருடையது என்பதுதான் முதல் கேள்வி.

சரி, பள்ளத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாப் பெயர்களும் அதிலிருந்துதான் கிளைக்கப் போகின்றன.

செருகுவாய் என்ற பரிந்துரைக்கு மூன்று பேர் ஆதரவு. கணினியில் அட்டையைச் செருகும் இடத்துக்கு அது நல்ல சொல். ஆனால் அங்கே செருகியது அப்படியே நிற்கும். இங்கே எதுவும் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்லாட் என்ற ஒரே சொல் வருகிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தவாளிப்பு என்று ஈழத்து அண்ணா ஒருவர் எழுதினார். பொருள் மிகச் சரி. தனியாக நிற்கும்போது அழகாகவும் இருக்கிறது. ஆனால் கூட்டுச்சொல்லாக்கினால் நீண்டுவிடுகிறது. 'தவாளிப்புத்தடக் கார்' என்று ஒரு பத்தியில் எட்டு முறை எழுதிப் பார்த்தேன், கை வலித்தது.

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை சால். உழவுச் சால் என்ற காட்சி உடனே கண்முன் வருகிறது. ஓரெழுத்துப் போல அத்தனை சிறிய சொல். இரண்டு நாள் அதிலேயே இருந்தேன். பிறகுதான் ஒன்று உறுத்தியது. ஏர் போகும்போது சால் விழுகிறது. அதாவது ஏர் தன் வழியைத் தானே கீறிக்கொள்கிறது. இந்தக் காரோ ஏற்கெனவே வெட்டிவைத்த வழியில் மட்டுமே போகும், தன் விருப்பத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. உவமை தலைகீழாகிவிடுகிறது.

மிஞ்சியது காடி. தச்சர்கள் பலகை ஓரத்தில் இழைத்து எடுக்கும் நீளப் பள்ளம் காடி. கல்யாண வீட்டுக் கொல்லையில் மண்ணை நீளமாக வெட்டி அண்டாக்களை வரிசையாக ஏற்றுவார்களே, அது காடியடுப்பு. நீளம், ஒடுக்கம், வேண்டுமென்றே வெட்டியது ஆகிய மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ஸ்லாட் காரின் பள்ளமும் இவ்வளவுதான்.

மறுப்புகள் வந்தன. காடி என்றால் புளித்த கஞ்சி அல்லவா என்று அக்கா ஒருவர் கேட்டார். ஆமாம், 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்ற காடிதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியும் சில ஊர்களில் காடிதான். ஒரு சொல் மூன்று இடத்தில் வேலை செய்வது தமிழுக்குப் புதிதில்லை. படி, ஆறு, திங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. இடம் பொருளைச் சொல்லிவிடும்.

அதைவிடக் கனமான மறுப்பு தம்பி ஒருவரிடமிருந்து வந்தது. இந்தியில் வண்டிக்குச் சொல்லும் பெயரையும் தமிழில் எழுதினால் காடி என்றுதான் வரும். அப்புறம் காடிக்கார் என்பது 'வண்டிக்கார்' என்று ஒலிக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், காடிக்கார் என்று எழுதியதைப் பார்த்த அவருடைய அப்பா, 'காடிக்காரர்' என்பதில் அச்சுப்பிழை என்று நினைத்தாராம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வண்டிக்காரர், பால்காரர் என்று காலம்காலமாகச் சொல்லும் வாய், கார் என்று முடியும் சொல்லை அந்த அச்சில்தான் வார்க்கும். அவர் சொன்னது சரி. காடிக்கார் என்ற என் முதல் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

கார் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கடலில் போகிறவர் கடலோடி. ஊர் ஊராகத் திரிகிறவர் நாடோடி. முன்னே போகிறவர் முன்னோடி. காடியில் ஓடுவது காடியோடி.

எழுதிப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டி என்ற குழப்பம் போய்விட்டது. காரர் என்ற குழப்பமும் போய்விட்டது. இந்தப் பொழுதுபோக்கில் ஓடுவது கார் மட்டுமில்லை, லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் உண்டு. அவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தும். போட்டிக்குத் தேரோட்டம்போலக் காடியோட்டம் என்றும், தளத்துக்குக் காடித்தடம் என்றும் சொல்லலாம். கார் பள்ளத்தை விட்டு எகிறுவதற்கும் சொல் கிடைத்துவிட்டது. ரயில் தடம் புரள்கிறது, காடியோடி காடி தவறுகிறது.

அடுத்தது பள்ளத்துக்குள் இறங்கும் தகடு. உழவர் வீட்டுப் பிள்ளையான ஐயா ஒருவர் அதற்குக் கொழு என்றார், கலப்பையில் மண்ணைக் கீறும் இரும்பு அது. சால் என்ற சொல்லை ஒதுக்கியவன் கொழுவை மட்டும் எப்படி ஏற்பது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் பக்கம் வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. 1952 வரை ஓடிய லண்டன் டிராம்கள் பல தெருக்களில் தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த நீண்ட பிளவுக்குள்ளிருந்து மின்சாரம் எடுத்தன. அந்தப் பிளவுக்குள் இறங்கிய பாகத்தை அவர்கள் கலப்பை என்ற பொருள்பட 'பிளவ்' என்றே அழைத்தார்கள். நம் சென்னையிலும் 1895ல் மின்சார டிராம் தொடங்கியபோது மின்சாரம் தெருவுக்கு அடியிலிருந்துதான் வந்தது, தலைக்கு மேல் கம்பி வந்தது பிற்பாடு. ஆகக் கொழு என்பதற்கு ஒரு வம்சாவளி உண்டு. அதை மதிக்கிறேன்.

இருந்தாலும் நான் நாக்கு என்றே எழுத விரும்புகிறேன். அந்தத் தகடு ஒரு சிறு தண்டில் தொங்கி இடமும் வலமும் ஆடும். மணிக்குள் ஆடுவதை நாம் மணிநாக்கு என்கிறோம். கார் பக்கவாட்டில் வழுக்கினாலும் நாக்கு காடியின் திசையிலேயே நிற்கும். கொழு அப்படி ஆடாது. சில குட்டிக் கார்களில் ஆடும் தகட்டுக்குப் பதிலாக அசையாத ஒரு சிறு குச்சி மட்டும் இருக்கும். அதை முளை என்று பிரித்துச் சொன்னால் படிப்பவருக்கு எந்த வகை என்பது உடனே விளங்கும்.

மின்சாரம் எடுக்கும் கம்பிப்பட்டைக்குப் பின்னல். மின்சேகரிப்பு இழைப்பட்டை என்றெல்லாம் வேண்டாம். தலைமுடி போலவே பின்னியிருக்கிறது, பிரிகிறது, சிக்கு விழுகிறது, தூசும் நாய்முடியும் சேர்கிறது. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் வாரிவிட்டால் சரியாகிறது. சொற்களை ஒரு வாக்கியத்தில் கோத்துப் பாருங்கள்: 'பின்னலை அதிகமாகக் கீழே வளைத்தால் அது மூக்கைத் தூக்கும், நாக்கு எழும்பும், வளைவில் காடியோடி காடி தவறும்.' பழுது பார்ப்பவருக்கு இதில் ஒரு சொல்லையும் விளக்க வேண்டியதில்லை.

மோட்டார் பாகங்களுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்பது என் கட்சி. சுழலும் பாகத்தை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுக்குப் பள்ளிப் பாடத்தில் கார்பன் தூரிகை என்று இருக்கிறது. ஆனால் தூரிகை என்றால் எனக்கு ஓவியம்தான் வருகிறது. பட்டறையில் 'கார்பன் தேஞ்சு போச்சு' என்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கார்பன் உரசும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டருக்குத் திசைமாற்றி நன்றாகவே இருக்கிறது.

ஒரே ஒரு மோட்டாருக்குத்தான் தனிப்பெயர் வேண்டும். அரோரா 1963ல் கொண்டுவந்த தண்டர்ஜெட் 500 காரில் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பாகம், தட்டையாக, வட்டமாகப் படுத்திருக்கும். அதன் தண்டு செங்குத்தாக மேலே வந்து, காரின் முதுகில் இருக்கும் பல்சக்கரங்களைச் சுற்றும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் பான்கேக். வட்டு மோட்டார் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தோசை மோட்டார் என்பதே நெருக்கம். மெய்யாகவே சொல்கிறேன், அவர்கள் தங்கள் சமையலறையிலிருந்து எடுத்தார்கள், நாம் நம் சமையலறையிலிருந்து எடுக்கலாம். அதன் திசைமாற்றியும் தட்டைதான், மூன்று துண்டு. துண்டுகளுக்கு நடுவே கார்பன் தூள் அடைந்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து மோட்டார் சூடாகும். பல்குச்சியால் அந்த இடைவெளிகளைக் கீறி எடுத்தால் பல கார்கள் உயிர் பெற்றுவிடும். மல்டிமீட்டரை வைத்துத் துண்டுகளுக்கு இடையே மின்தடையை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று விலகினால் கம்பிச்சுற்றில் கோளாறு. காந்தங்களைத் துருவம் மாற்றிப் போட்டுவிட்டால் கார் பின்னோக்கி ஓடும். பயப்பட வேண்டாம், மறுபடி கழற்றித் திருப்பிப் போட்டால் போதும்.

கடைசியாக, நம்மிடையே அதிகம் சூடு கிளப்பிய சொல். ரெஸ்டோரேஷன் என்பதற்குப் புதுப்பித்தல் என்று பலர் எழுதியிருந்தீர்கள். இதை மட்டும் ஏற்கவே முடியாது, மன்னியுங்கள்.

தொடங்கிய புதிதில் அறுபதுகளின் பந்தயக் கார் ஒன்று எனக்குக் கிடைத்தது. பச்சை வண்ணம் மங்கி, பக்கத்தில் யாரோ ஒரு சிறுவன் கையால் எழுதிய 7 என்ற எண். நானும் புதுப்பிக்கத்தான் உட்கார்ந்தேன். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தின்னரில் இளகிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வண்ணத்தோடு கதவின் கோடுகளும், அந்த 7ம் கரைந்து துணியில் வந்துவிட்டன. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதுமாக இருந்தது. கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்ததும் புதுப்பித்தல் என்ற பெயரில்தான். சொல் கையை எங்கே கொண்டுபோகிறது பாருங்கள்.

ஆகையால் மீட்டல் என்கிறேன். ஓடாததை ஓடவைப்பது, உடைந்த பாகத்தை ஒட்டுவது, இறுகி வெடித்த டயரை மட்டும் மாற்றி, பழைய டயரை ஒரு சிறு உறையில் போட்டுக் காரோடு வைப்பது, இவை மீட்டல். அதற்குப் பின் வருடக்கணக்கில் செய்வது பேணல். அச்சுக்கும் ஆர்மேச்சர் தண்டுக்கும் ஒரே ஒரு துளி எண்ணெய், கூடினால் கார்பனில் ஏறி ஓட்டத்தைக் கெடுக்கும். அலமாரியில் வைக்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சிலவகை மென்மையான டயர்கள் பிளாஸ்டிக்கைத் தொட்டபடியே கிடந்தால் அதை இளக்கி ஒட்டிக்கொள்ளும், அதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய பாகங்கள், கலவையில் ஈயம் கலந்துபோயிருந்தால், பல வருடம் கழித்து உள்ளிருந்தே வெடித்து, ஊதி, பிஸ்கட் போல உதிரும். ஆங்கிலத்தில் இதைக் கொள்ளைநோய் என்ற பொருள்படச் சொல்கிறார்கள். துரு என்று சொல்ல முடியாது, இது இரும்பில்லை. நாகப்புற்று என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். படித்ததும் பாம்புதான் வந்தது. உளுத்தல் என்று நான் யோசிக்கிறேன், மரம் உளுத்துப்போவதைப் போல. ஆனால் உளுப்பதற்கு வெளியிலிருந்து ஒரு பூச்சி வேண்டும், இங்கே நோய் வார்க்கும்போதே கூட வந்தது. வார்ப்பட வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால், உங்கள் பட்டறையில் இதை என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். வழிகாட்டியில் அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்.