ரைமிங் ஸ்லாங்: எதுகையா, இயைபா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரைமிங் ஸ்லாங் என்பது ஒரு சொல்லுக்குப் பதிலாக அதோடு ஓசை ஒத்த ஒரு தொடரைச் சொல்லும் ஆங்கிலப் பேச்சு வழக்கு. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘எதுகைக் கொச்சை’ இரண்டு பக்கமும் இடிக்கிறது. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. கிழக்கு லண்டன்காரர்கள் மாடிப்படியை, அதாவது ‘ஸ்டேர்ஸ்’ என்பதை, ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்றார்கள். அங்கே ஒன்றுவது இறுதி ஓசை. யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் மோனை, எதுகைக்குப் பின்னால் வந்து மறந்துபோகும் அதே இயைபுதான். பத்திரிகையில் ரைமை எதுகை என்று எழுதிவிட்டுப் போகலாம். கலைச்சொல்லில் அந்தப் பிழையை நிலைநிறுத்தக் கூடாது.

‘கொச்சை’யும் பொருந்தாது. கொச்சை என்பது திருந்தாத பேச்சு; இதுவோ அடுத்தவருக்குப் புரியக்கூடாது என்று கட்டியதாகச் சொல்லப்படும் பேச்சு. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட ஸ்லாங் அகராதி, தெருவில் பாட்டுத்தாள் விற்றவர்களும் கூவி விற்றவர்களும் இதைப் பேசியதாகப் பதிவு செய்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் நம் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. இரண்டும் ஒரே வகை. ஆகவே என் பரிந்துரை: இயைபுக் குழூஉக்குறி.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் வேலை பாதியில் நின்றுவிடும். மொழிபெயர்ப்பாளர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். ‘லுக்’ என்பதற்கு ‘புட்சர்ஸ் ஹுக்’ என்று கட்டுகிறார்கள். பிறகு ‘ஹுக்’ விழுந்துவிடுகிறது. ‘ஹேவ் எ புட்சர்ஸ்’ என்றால் ‘ஒரு பார்வை பார்’ என்று பொருள். இதை அறியாத வசன வரியில் (சப்டைட்டிலில்) கசாப்புக்காரர் வந்து நிற்பார். இயைபைத் தாங்கும் சொல்லே விழுந்துவிடுவதால், மிஞ்சியதை வைத்து மூலத்தை ஊகிக்க வழியே இல்லை. அதனால் மூன்று துணைச்சொற்கள் வேண்டும்: முழு வடிவம் இயைபுத் தொடர், நிற்பது எஞ்சுசொல், விழுவது விடுசொல்.

இதைக் கடைக்குறை என்றே சொல்லலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நீலம் ‘நீல்’ ஆவதுபோல ஒரே சொல்லுக்குள் எழுத்துக் குறைவதுதான் கடைக்குறை; இங்கே ஒரு சொல் முழுதாகப் போகிறது. தொடரில் இல்லாத ஒன்றைக் குறிக்கும் அன்மொழித்தொகையும் ஆகாது. ‘பொற்றொடி வந்தாள்’ (பொன் வளையல் அணிந்தவள் வந்தாள்) என்பதில் தொடிக்கும் அவளுக்கும் பொருள் உறவு உண்டு. கசாப்புக் கொக்கிக்கும் பார்வைக்கும் ஓசை தவிர வேறு உறவில்லை.

எல்லாத் தொடரும் குறுகுவதில்லை. திருடனைக் குறிக்கும் ‘டீ லீஃப்’ முழுதாகவே வழங்குகிறது. எதிர்ப்பக்கத்தில், இரண்டு சுற்றுப் போனதும் உண்டு. பின்புறத்தைக் குறிக்கும் ‘ஆஸ்’ முதலில் ‘பாட்டில் அண்ட் கிளாஸ்’ ஆனது. ‘பாட்டில்’ மட்டும் நின்றது. அதற்கு இயைபாக ‘அரிஸ்டாட்டில்’ வந்தது. அதுவும் குறுகி ‘அரிஸ்’ ஆயிற்று. இதில் முதல் இயைபு லண்டன் நாக்கில்தான் நிற்கும். வட இங்கிலாந்தில் ‘கிளாஸ்’ குறில் அகரத்தோடு ஒலிப்பதால் அங்கே உடைந்துவிடும்.

குட்டிச் சொற்களின் பொருள் பெருக்கத்தோடு இதைக் கலக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’டுக்கு 400க்கும் மேற்பட்ட பொருள்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. அதற்குப் ‘பலபொருள் ஒருசொல்’ என்ற தொல்காப்பிய வழக்கே போதும். ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று வினை காட்டிக்கொடுக்கும். ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா விலங்கா என்ற ஐயம் நிற்கும். எஞ்சுசொல்லின் புதுப்பொருள் இப்படிக் கிளைத்ததல்ல, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. அகராதியில் அதைப் பழைய பொருள்களின் வரிசையில் சேர்க்காமல் தனிப் பதிவாக இட வேண்டும். பணத்தைக் குறிக்கும் ‘பிரெட்’டை எடுத்துக்காட்டாகத் தர வேண்டாம். ‘பிரெட் அண்ட் ஹனி’யிலிருந்து வந்தது என்பார்கள், பிழைப்புக்கான உணவு என்ற பொருளிலிருந்தும் அது கிளைத்திருக்க முடியும்.

எழுத்துப்பெயர்ப்பில் ஒரு கவனம்: இயைபு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘பியர்ஸ்’ என்று எழுதினால் ‘ஸ்டேர்ஸ்’ஓடு ஒட்டாது, மதுவோடும் குழம்பும். ‘ஹூக்’ என்று நீட்டினால் ‘லுக்’ஐ விட்டு விலகும்.

---

ஐயா, இயைபு சரி. குழூஉக்குறியில் எனக்குத் தயக்கம். பாடகி ரூபி மரேயின் பெயரால் கறியை ‘ரூபி’ என்பதும், ‘போர்க்கி பைஸ்’ குறுகிப் பொய்களைப் ‘போர்க்கீஸ்’ என்பதும் இன்று பிரிட்டன் முழுக்கத் தெரியும். ஆஸ்திரேலியாவில் சாஸுக்கு ‘டெட் ஹார்ஸ்’ என்கிறார்கள். மறைவு போன பிறகு குறி எப்படி?

---

நியாயமான கேள்வி. பெயர் பிறப்பைக் குறிக்கட்டும், இன்றைய நிலையைப் பதிவில் தனியாகக் காட்டுவோம். ‘பொதுவழக்கு’, ‘வட்டார வழக்கு’, ‘வழக்கொழிந்தது’ என மூன்று குறிப்புகள் போதும். மாதிரிக்கு ஒன்று:

பார்னெட் — தலைமுடி. இயைபுத் தொடர்: பார்னெட் ஃபேர் (லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் கூடிய சந்தை). இலக்குச் சொல் (தொடர் குறிக்கும் சொல்): ஹேர். விடுசொல்: ஃபேர். நிலை: பொதுவழக்கு. வசன வரியில்: ‘முடி’ என்றே தருக, ஊர்ப்பெயராக எழுதற்க.