யாழினிக்கு எந்தப் பிராஞ்ச்?

குழு: நம்ம குடும்பம்

வியாழக்கிழமை

கலா, இரவு 8:12
எல்லோரும் ஒரு நிமிஷம் பாருங்கள். யாழினிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் (கல்லூரி, பிராஞ்ச் லிஸ்ட் போடுவது) தொடங்கிவிட்டது. சனிக்கிழமை மாலை 5 மணி வரைதான் நேரம். எந்தப் பிராஞ்ச் என்று கேட்டால் "தெரியலம்மா" என்கிறாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

செல்வி அத்தை, 8:15
இதில் யோசிக்க என்ன இருக்கிறது கலா? சி.எஸ். (கம்ப்யூட்டர் சயன்ஸ்) போடச் சொல். எங்கள் தெருவில் நாலு பிள்ளைகள், நாலு பேரும் சி.எஸ்.தான்.

தாத்தா, 8:17
கவுன்சிலிங்குக்கான கட்-ஆஃப் மார்க்கைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு 92. இயற்பியல் 88இல் பாதி 44. வேதியியல் 86இல் பாதி 43. ஆக 200க்கு 179. நல்ல மார்க்குத்தான் தாயி, கலங்காதே.

யாழினி, 8:24
அத்தை, சி.எஸ். பிடிக்காது என்று சொல்லவில்லை. பிடிக்குமா என்றே தெரியவில்லை. நான் பயோ-மேத்ஸ் குரூப். கணக்கு பிடிக்கும், படம் வரையப் பிடிக்கும், அவ்வளவுதான். என்கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது.

மீனா சித்தி, 8:41
யாழினி, முதலில் போய்ச் சாப்பிடு. அப்புறம் இதைப் படி.

உனக்குத் தெரியவில்லை என்பதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. பதினேழு வயதுவரை பாடப்புத்தகத்தைத் தவிர வேறு என்ன பார்த்தாய்? பதினாறு வருஷமாக முதலாண்டு வகுப்பு எடுக்கிறேன். "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்டால், "மாமா சொன்னார்", "இதுதான் கிடைத்தது" என்கிற பிள்ளைகள்தான் நிறைய. அமெரிக்காவில் பல கல்லூரிகளில் ஒன்றிரண்டு வருஷம் பல பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டு மேஜரை (முக்கியப் பாடத்தை) முடிவு செய்யலாம். நமக்குச் சேரும்போதே பிராஞ்ச். அதனால் அந்தப் படித்துப் பார்க்கிற வேலையை நீ இந்த இரண்டு நாளில் செய்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை இறக்கிக்கொள். முதல் செமஸ்டரைப் பார்த்து முடிவு செய்யாதே. எந்தப் பிராஞ்ச் எடுத்தாலும் முதல் செமஸ்டரில் பெரும்பாலும் பொதுவான பாடங்கள்தான். அந்தந்தப் பிராஞ்சுக்கே உரிய பாடங்கள் வரும் செமஸ்டர்களுக்குப் போ. சிவிலில் (கட்டுமானப் பொறியியல்) நில அளவை, திரவ இயக்கவியல், கட்டுமானப் பொருட்கள், குடிநீரும் கழிவுநீரும். சி.எஸ்.ஸில் டிஸ்க்ரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் யூடியூபில் முதல் வகுப்பை மட்டும் கேள். எல்லாமே கடினமாகத்தான் தெரியும். எதில் உனக்குக் கேள்வி வருகிறது என்று பார்.

கார்த்திக் (யாழினிக்கு அண்ணன் முறை), 9:02
சித்தி சொல்வது சரி. யாழினி, நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர். சாஃப்ட்வேர் என்றால் அத்தைக்கு ஏசி அறைதான் தெரிகிறது, உள்ளே என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பாதி நாள் மற்றவர்கள் எழுதிய புரோகிராமைப் படிப்பேன். இன்று ஒரு பிழையைத் தேடி மூன்று மணி நேரம் போனது. கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் உனக்கும் வருமா என்று பார்க்கலாம், ஞாயிறன்று கால் பண்ணு

கார்த்திக், 9:03
ஞாயிறு இல்லை, லிஸ்ட் சனிக்கிழமையே முடிகிறதே. நாளை மதியம் 2 மணிக்குக் கூப்பிடுகிறேன். ஸ்கிரீனைக் காட்டுகிறேன்.

செல்வி அத்தை, 9:06
179க்கு நல்ல காலேஜில் சி.எஸ். வராவிட்டால் மேனேஜ்மென்ட் சீட் பார்க்கலாமே. தம்பி என்ன சொல்கிறான்?

அப்பா, 9:20
இப்போதுதான் ஷிப்ட் முடிந்தது அக்கா. மேனேஜ்மென்ட் வேண்டாம். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான் அந்தக் கட்டணச் சலுகை. பாப்பா, பணத்தை நினைத்து எதையும் லிஸ்டிலிருந்து எடுத்துவிடாதே.

கலா, 9:22
எடுத்த பிறகு பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது மீனா?

மீனா சித்தி, 9:30
பி.இ. எந்தப் பிராஞ்சாக இருந்தாலும் குரூப் 1 அரசுத் தேர்வு எழுதலாம், எம்.பி.ஏ. போகலாம் அக்கா. கம்ப்யூட்டர் ஆசை பின்னால் வந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸை வேறு டிகிரி படித்துக்கொண்டே படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை. கணக்குத்தான் உயிர் என்றால் பி.எஸ்ஸி. கணிதம் குறைந்த படிப்பு இல்லை. அதை முடித்துவிட்டுப் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது.

மீனா சித்தி, 9:34
இன்னொன்று. லிஸ்டின் வரிசைதான் முக்கியம். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, உன் ரேங்குக்குக் கிடைக்கிற முதல் சீட்டைத்தான் தருவார்கள். அதனால் ஆசைப்பட்ட வரிசையிலேயே போடு. கிடைக்காது என்று நினைப்பதை மேலே போட்டாலும் நஷ்டமில்லை. கிடைத்தாலும் போக மாட்டேன் என்பதைக் கடைசியில்கூடப் போடாதே. சீட் வந்த பிறகு "ஏற்கிறேன், மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன்" என்று கொடுக்கலாம். ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழையது போய்விடும். அதனால்தான் வரிசையில் பொய் சொல்லக் கூடாது.

முருகன் மாமா, 10:05
கட்டிட சைட்டில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். சிவிலும் யோசிக்கிறாய் என்றால் நாளை காலை என்னோடு வா. முதல் மாடித் தளத்துக்கு (ஸ்லாப்) கான்கிரீட் போடுகிறோம். 6 மணிக்கு வாசலில் நில். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை

யாழினி, மாலை 6:48
மாமாவோடு போய் வந்தேன். வெயில் தாங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கம்பி கட்டுகிற அண்ணன் டிராயிங்கை விரித்து, எந்தக் கம்பி எங்கே வளைகிறது என்று காட்டினார். வரைபடம் அப்படியே எதிரில் நிற்கிறது! மதியம் கார்த்திக் அண்ணனோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேள்விகளை அண்ணன்தான் கேட்டான், நான் கேட்கவில்லை.

இப்போதைக்கு மேலே சிவில். நம் ஊர் அரசுக் கல்லூரியும் அதில் இருக்கிறது. அதற்குக் கீழே சி.எஸ். நாளை மதியம் வரை மாற்றுவேனோ என்னவோ.

செல்வி அத்தை, 6:55
வெயிலில் நிற்க முடியுமா கண்ணே?

முருகன் மாமா, 6:57
என் சைட்டில் இரண்டு பெண் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள் மதினி. டிசைன் பக்கம் போனால் ஆபீஸ் வேலைதான்.

யாழினி, 7:01
மாமா, பக்கத்துக் கட்டிடத்தில் கோணிப்பை போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்களே, அது ஏன்?

முருகன் மாமா, 7:04
க்யூரிங். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். ஈரம் சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு வரும், பலமும் குறையும். குறைந்தது 7 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும்.

யாழினி, 7:05
அப்படியென்றால் கான்கிரீட் போட்டதும் மழை பெய்தால் நல்லதுதானே?

முருகன் மாமா, 7:07
இறுகுவதற்கு முன் பெய்தால் மேல்பக்கச் சிமென்ட் அரித்துப் போய்விடும். மறுநாள் பெய்தால் நல்லது.

யாழினி, 7:08
அப்போ தார்ப்பாய் எத்தனை மணி நேரத்துக்கு மூடி வைப்பீர்கள் மாமா?