சூப்பர்நேச்சுரல்: எட்டாவது சீசனில் கிடைத்த வீடு தொடரைக் காப்பாற்றியதா, கெடுத்ததா?

உப்புக்கோடு

(முழுக்க ஸ்பாய்லர். பார்த்து முடிக்காதவர்கள் இப்படியே திரும்பிவிடவும்.)

டீன், சாம் என்ற அண்ணன் தம்பி காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் பிசாசுகளை வேட்டையாடும் அமெரிக்கத் தொடர். 15 சீசன், 327 எபிசோட். 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்த தொடரை இரண்டாவது முறையாக முழுசாகப் பார்த்து முடித்தேன். முதல் தடவை பார்த்தபோது ஊரோடு ஒத்து நானும் சொன்னதுதான்: தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து சீசனுக்கு யோசித்த கதை, 2010-ல் ஐந்தாவது சீசனின் கடைசியான 'ஸ்வான் சாங்' எபிசோடோடு முடிந்திருக்கணும், மிச்சமெல்லாம் இழுவை. இப்போது அப்படித் தோன்றவில்லை.

இழுவை என்றால் அது 6, 7 இரண்டு சீசன்தான். ஐந்தாவதிலேயே உலக அழிவு வரைக்கும் போயாச்சு. சாத்தான் லூசிஃபரையும் தலைமைத் தேவதூதன் மிக்கேலையும் ஒரே குழியில் தள்ளியாச்சு. அதுக்கு மேல ஏற இடம் எங்கே? ஆனாலும் ஏறப் பார்த்தார்கள். சீசனுக்கு ஒரு பெரிய வில்லன், அவனைவிடப் பெரிய வில்லன்.

சீசன் 8-ல் ஜெரமி கார்வர் ஷோரன்னராக (தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளர்-தயாரிப்பாளர்) பொறுப்புக்கு வந்தார். ஏறுவதை விட்டுப் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்தார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கதவு. 2013 ஜனவரியில் வந்த எபிசோடில், மோட்டல் அறையின் அலமாரிக் கதவு வழியாக 1958-லிருந்து அண்ணன் தம்பியின் தாத்தா ஹென்றி வந்து விழுகிறார். 'மென் ஆஃப் லெட்டர்ஸ்' என்ற ரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர். அவர் கொண்டுவந்த சாவிதான் அடுத்த எபிசோடில் அந்தச் சங்கத்தின் நிலத்தடி மறைவிடமான பங்கரைத் திறக்கிறது. இனி அதுதான் இவர்கள் வீடு.

அதற்கடுத்த எபிசோடின் ஆரம்பத்தைப் பாருங்கள். டீன் தனக்கென்று ஓர் அறையை ஒழுங்கு பண்ணுகிறான். துப்பாக்கிகளைச் சுவரில் மாட்டுகிறான், அம்மா போட்டோவை எடுத்து வைக்கிறான். மெத்தை மெமரி ஃபோம், அது தன்னை ஞாபகம் வைத்திருக்கிறது என்று சாமிடம் பெருமை அடிக்கிறான். நாலு வயதில் வீடு எரிந்து தெருவுக்கு வந்த பிள்ளை. முப்பத்து நாலு வயதில்தான் அவனுக்குச் சொந்தமாக ஒரு மெத்தை. எந்த வில்லனும் தராத புது ரத்தத்தை இந்த ஒரு காட்சி தந்தது என்பது என் கட்சி.

மோட்டல்சாவி

அண்ணே, மெத்தை சீன் எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த மெத்தைலதான் தொடர் போய்ப் படுத்துச்சு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல.

இது ரோட்டுல ஓடுற கதை. ரெண்டு பேர், ஒரு 1967 இம்பாலா கார், வாரத்துக்கு ஒரு ஊர். அந்த மோட்டல் அறைகள ஞாபகம் இருக்கா? செட் வடிவமைக்கிற ஜெர்ரி வானெக்கோட ஆளுங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிறுக்குத்தனமான வால்பேப்பர், அதுக்கேத்த ஒரு தடுப்புத் தட்டின்னு போட்டுத் தள்ளுவாங்க. டயலாக்கே வேண்டாம், அறையப் பார்த்தாலே இந்த வாரம் எப்படிப்பட்ட ஊருன்னு தெரியும். பங்கர் வந்தப்புறம் என்ன ஆச்சு? ஒரு மேசை, ஒரு லேப்டாப், சுத்தி நின்னு நாலு பேர் பேசுறாங்க. ஆபீஸ் மீட்டிங் மாதிரி. எனக்கு இது நிரந்தர செட் போட்ட கணக்காத்தான் படுது.

அதவிட மோசம் தாத்தா கதை. வீட்டுல ஒரு சாவு விழுந்ததால வேட்டைக்குப் போன சாதாரணக் குடும்பம்னுதான இவங்க மேல நமக்குப் பாசம். திடீர்னு பரம்பரைப் பெருமை, ரகசியச் சங்க வாரிசு!

பின்சீட்

மோட்டல்சாவி, சாதாரணக் குடும்பமா? கார்வர் வர்றதுக்கு முன்னாடியே அது போச்சே. சீசன் 4-லயே அம்மா மேரி வேட்டைக்காரக் குடும்பத்துப் பொண்ணுன்னு காட்டிட்டாங்க. சீசன் 5-ல காயீன், ஆபேல் வரைக்கும் போற ரத்த வழின்னு மிக்கேலே சொல்றார். அப்பா அம்மா கல்யாணமே மன்மதன் வேலைன்னு அதுக்கடுத்த எபிசோடே வந்துருச்சு. தாத்தா மேல மட்டும் ஏன் கோபம்?

மோட்டல்சாவி

நல்லா கேட்டீங்க. ஒத்துக்கிறேன், "சாதாரணக் குடும்பம்"னு நான் சொன்னது தப்பு.

ஆனா சீசன் 5-ல பரம்பரைங்கிறது விலங்கு. உன் ரத்தமே உன்ன மிக்கேலுக்குச் சட்டையா, அதாவது அவர் புகுந்துக்கிற உடம்பா மாத்தும்ங்கிறாங்க, டீன் முடியாதுங்கிறான். அந்த "முடியாது"தான் கதை. சீசன் 8-ல பரம்பரைங்கிறது சொத்து. சாவியக் கொடுத்தாங்க, பயலுக வாங்கிப் பையில போட்டுக்கிட்டாங்க. எதிர்க்க அங்க ஒண்ணுமே இல்ல.

தைரியமாச் செஞ்சதுன்னா சீசன் 7-தான். பசங்களுக்கு அப்பா மாதிரி இருந்த பாபி வீட்ட எரிச்சாங்க. பாபியையே கொன்னாங்க. இவங்க கூட்டாளியா இருந்த தேவதூதன் காஸ்டியல ஓரங்கட்டினாங்க. இம்பாலாவ ஒளிச்சு வெச்சிட்டுத் திருட்டுக் கார்ல அலைய விட்டாங்க. அப்ப ஷோரன்னரா இருந்த சேரா கேம்பிள யாரும் பாராட்ட மாட்டேங்கிறீங்க.

ஏழாம்வாசல்

தம்பி மோட்டல்சாவி, எடுத்துப்போட்டது தைரியம்தான். எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்? லெவியத்தான்கள் என்ற அரக்கர்கள் ஒரு கம்பெனி நடத்தி, சோளப் பாகில் எதையோ கலந்து ஜனங்களை மந்தமாக்கினதைத்தானே. நல்ல நக்கல்தான், ஆனால் அந்தச் சகோதரர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வீட்டைக் காலி பண்ணிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு சீசன்.

இன்னொன்று. புதுப் பாதை என்றால் யாரோ ஒரு ஷோரன்னர் உட்கார்ந்து யோசித்துப் போட்டது என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். இந்தத் தொடரின் மிகப் பெரிய திருப்பம் ஒரு விபத்து. 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் சீசன் 3 வெறும் 16 எபிசோடாகச் சுருங்கியது. டீனை நரகத்திலிருந்து சாம் காப்பாற்றுவதற்கு நேரம் இல்லாமல் போனது. டீன் போயே விட்டான். அதனால்தான் சீசன் 4 தொடக்கத்தில் அவனை வெளியே இழுக்க ஒருவர் தேவைப்பட்டார், காஸ்டியல் வந்தார். முதலில் தேவதூதர்களே வேண்டாம் என்றிருந்தவர் கிரிப்கி!

என்னைக் கேட்டால் நிஜமான புதுப் பாதை கடைசியில்தான் கிடைத்தது. சீசன் 4-ல் நாவல் எழுதும் குடிகாரனாக வந்த சக், கடவுள் என்று பிறகு தெரிந்து, சீசன் 14 முடிவில் வில்லனாக நிற்கிறான். கதாபாத்திரங்கள் தங்கள் எழுத்தாளனையே எதிர்க்கிறார்கள். மோட்டல்சாவி கேட்ட "முடியாது" அங்கேதான் இருக்கிறது.

உப்புக்கோடு

அக்கா, அந்த யோசனை காகிதத்தில் பிரமாதம். எனக்குத் திரையில் உறுத்தியது. எல்லாமே சக் ஆட்டுவித்த பொம்மலாட்டம் என்றால், முன்னால் பார்த்த ஒவ்வொன்றின் கனமும் குறைகிறது. 'ஸ்வான் சாங்'கில் சாம் உடம்புக்குள் லூசிஃபர். டீனை அடித்து நொறுக்குகிறான். அப்போது கார் சாம்பல் கிண்ணத்தில் சின்ன வயதில் சாம் செருகி வைத்த பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறது. அதைப் பார்த்துத்தான் சாம் தன்னை மீட்கிறான். அந்தச் சிப்பாயையும் சக்கின் ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

மோட்டல்சாவி

பாருங்க, உங்க வாயாலயே வருது. உலகத்தக் காப்பாத்துனது பங்கர் இல்ல, காரோட சாம்பல் கிண்ணம்.

புதுசுன்னா என்னன்னு நான் சொல்றேன். சீசன் 11, நாலாவது எபிசோட், 'பேபி'. முழு எபிசோடையும் காருக்குள்ள இருந்தே காட்டுவாங்க. வெளிய சண்டை நடந்தா கண்ணாடி வழியா எவ்வளவு தெரியுதோ அவ்வளவுதான் நமக்கும். முன்சீட்ல ஒருத்தன், பின்சீட்ல ஒருத்தன்னு சுருண்டு படுத்து அப்பா அம்மா பத்திப் பேசுறாங்க. வெட்டுன தலை ஒண்ணு ஐஸ் பெட்டிக்குள்ள. ராத்திரி சாமோட இருந்த பொண்ணு விட்டுட்டுப் போன ஹேர்பின்தான் டீனோட கைவிலங்கத் திறக்குது. பதினோராவது வருஷத்துல இப்படி ஒரு எபிசோட்! புது வில்லன் இல்ல, புது செட் இல்ல, முதல் எபிசோட்ல இருந்து இருக்கிற அதே கார்.

முடிவு ஞாபகம் இருக்கா? சாம் வீட்டுக்குப் போகலாம்ங்கிறான். டீன், நாம வீட்டுலதான் இருக்கோம்னுட்டு வண்டிய எடுக்கிறான். இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?

உப்புக்கோடு

அந்த வசனத்தைச் சீசன் 3-ல் டீன் சொல்லியிருக்க முடியுமா? அப்போது சாம் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லவே வாய்ப்பில்லை, போக வீடு இல்லை. அந்த எபிசோடின் ஆரம்பத்திலேயே பங்கர் வாசலில் காரைக் கழுவுகிறார்கள். திரும்பிப் போக மெத்தையும் சமையலறையும் இருக்கும்போது ஒருவன் காரை வீடு என்கிறான், அதுதானே தொண்டையை அடைக்கிறது. கார்வர் வீட்டைக் கட்டினதே அந்த ஒரு வரிக்காக என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடு இல்லாமல் அந்த வரி இல்லை.

பின்சீட்

சீசன் 11-ம் கார்வர் காலம்தான், அதையும் சேர்த்துக்குங்க.

மோட்டல்சாவி

...இதுக்கு நான் கொஞ்சம் யோசிக்கணும்.

யோசிச்சேன். கடைசி எபிசோட எடுத்துக்குங்க. டீன் செத்தது ஒரு கொட்டகையில, சாதாரண காட்டேரி கேஸ்ல, கம்பி குத்தி. முதல் சீசன் மாதிரி ஒரு கேஸ். சொர்க்கத்துக்குப் போனா அங்க நிக்கிறது இம்பாலா. பங்கர் இல்ல.

ஏழாம்வாசல்

பூமியில் சாம் பங்கரின் விளக்கை அணைத்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறானே, அதை ஏன் விட்டீர்கள்? நான் முதலில் அழுதது அங்கேதான், கொட்டகையில் இல்லை.

மோட்டல்சாவி

சரி அக்கா, அந்த விளக்க உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஆனா ஒரு விஷயத்துக்குக் கார்வர மன்னிக்கவே மாட்டேன். சீசன் 9 கடைசி ஷாட்ல டீன் கண்ணு கறுப்பாகித் திறக்குது. டீனே பேய்! இதவிடப் புதுப் பாதை வேணுமா? மூணே எபிசோட்ல சரி பண்ணி, வேதாளத்தத் திரும்பவும் முருங்க மரத்துல ஏத்திவிட்டாங்க.

உப்புக்கோடு

அதில் நானும் உங்கள் பக்கம்தான். ஒரு சீசன் ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது எபிசோடில், கையில் சுத்தியலோடு டீன் சாமைத் தேடி அலைவது எந்த இடத்தில்?

மோட்டல்சாவி

பங்கர்ல.

நல்ல சீன்தான், போங்க.