நிறைவு தரும் வேலையா, கூடுதல் சம்பளமா: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி

வணக்கம். நிலத்தடி நீரியலில் முதுநிலைப் படிப்பை முடித்திருக்கிறேன். இரண்டு இடங்களிலிருந்து பணி நியமன ஆணை வந்துள்ளது. இம்மாத இறுதிக்குள் ஒன்றுக்கு இசைவு தெரிவித்தாக வேண்டும். ஒன்று, கிணறுகளின் நீர்மட்டத்தையும் நீரின் தரத்தையும் தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் சிறு அமைப்பு. மற்றொன்று, காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரவுகளை ஆய்ந்து தரும் பெரிய நிறுவனம். அங்கே சம்பளம் ஒன்றரை மடங்கு.

படிக்கும்போது அந்தச் சிறு அமைப்பில்தான் களப்பயிற்சி பெற்றேன். எஃகு அளவுநாடாவின் நுனிப் பகுதியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே இழுத்து, சுண்ணம் நனைந்து நிறம் மாறியிருக்கும் நீளத்தை, இறக்கிய மொத்த நீளத்திலிருந்து கழித்தால் நீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்தடுத்து இருமுறை அளந்து இரண்டும் ஒத்துவரும்போது கிடைக்கும் நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. ஆனால் கல்விக் கடன் இருக்கிறது. பெற்றோரும் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். இந்த நிலையில் பிடித்த வேலைக்குப் போவது பொறுப்பில்லாத முடிவாகுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

பல ஆண்டுகளாக ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். கடன் தவணை, குடும்பச் செலவு, மருத்துவத்துக்கென ஒதுக்க வேண்டிய தொகை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, குறைந்த சம்பளம் அதற்குப் போதவில்லை என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பெரிய நிறுவனத்துக்குப் போங்கள். மாதக் கடைசியில் கடன் வாங்க வேண்டியிருக்கும் நிலையில் எந்த வேலையும் நெடுநாள் நிறைவு தராது.

போதுமென்றால், அதற்குமேல் வரும் பணம் எவ்வளவு பயன் தரும் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் வருமானம் உயர்ந்தாலும் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்று உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் வெளியிட்ட முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த முடிவைக் கானமனே பின்னர் மாற்றுக் கருத்துடைய ஆய்வாளர் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்துடன் சேர்ந்து மறுபடி ஆராய்ந்தார். பெரும்பாலோருக்கு வருமானத்துடன் மகிழ்ச்சியும் தொடர்ந்து உயர்கிறது என்றும், மகிழ்ச்சி மிகக் குறைந்த சிறுபான்மையினருக்கே அது ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்றும் 2023இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. ஆகவே 'பணத்தால் மகிழ்ச்சி வராது' என்று யாராவது அறுதியிட்டுச் சொன்னால் நம்பாதீர்கள்.

அதே நேரத்தில், செய்யும் வேலையில் நிறைவு என்பது வேறு. சம்பள அளவுக்கும் வேலை நிறைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளைத் திமொத்தி ஜட்ஜும் மற்றவர்களும் 2010இல் தொகுத்துப் பார்த்தபோது ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாக ஒத்து உயர்ந்தால் 1) 0.15 மட்டுமே இருந்தது. அதாவது, ஒருவருக்கு வேலை பிடித்திருக்கிறதா என்பதை அவருடைய சம்பளத்தைக் கொண்டு ஊகிப்பது ஏறக்குறைய இயலாது. பிரிட்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வில், தம் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தமக்குக் கட்டுப்பாடு குறைவு என்றவர்களிடையே இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. எனவே, இரண்டு இடங்களிலும் எதை எப்போது எப்படிச் செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டறிவது, சம்பளத்தைக் கேட்டறிவதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது.

இன்னொன்று. களப்பயிற்சியில் நீங்கள் பார்த்தது அந்த வேலையின் ஒரு பகுதி மட்டுமே. அங்கே மூன்று நான்கு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரிடம், சென்ற வாரத்தில் ஏதாவது ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். அளவுநாடாவுடன் கழிந்த நேரம் எவ்வளவு, மேசையில் கழிந்த நேரம் எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆண்டு உயர்வு பெரும்பாலும் நூற்றுக்கு இவ்வளவு என்றே தரப்படுகிறது. ஒரு சம்பளம் 100, மற்றது 150, இரண்டுக்கும் ஆண்டுதோறும் 10 சதவீத உயர்வு என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டுகள் கழித்து அவை 259, 389 என்று நிற்கும். தொடக்கத்தில் 50ஆக இருந்த இடைவெளி 130 ஆகிவிடும். சிறு அமைப்பில் உயர்வு விகிதமும் குறைவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெற்றோருக்கு மருத்துவச் செலவு வரும் காலமும் அதுவே. நல்ல சம்பளம் வாங்கிச் சில ஆண்டுகளில் கடனை அடைத்துவிட்டுப் பிடித்த வேலைக்குத் திரும்பலாமே? இதைப் பொறுப்பான வழி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சிறு அமைப்பின் சம்பளத்தில் தவணையும் வீட்டுச் செலவும் போக ஓரளவு மிஞ்சும், ஆனால் அது பெரிய தொகையன்று. அங்கே பணிபுரியும் மூத்தவர் ஒருவரிடமும் பேசினேன். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் களத்தில்தான் என்றும், பிறகு பாதிக்கு மேற்பட்ட நேரம் அறிக்கை எழுதுவதிலும் நிதியுதவிக்கான விண்ணப்பம் தயாரிப்பதிலும் போய்விடும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

மூன்றாம் மறுமொழி

இரண்டாம் மறுமொழியில் உள்ள கணக்கு சரியானது. ஆனால் 'பிறகு திரும்பலாம்' என்பதை நான் ஏற்கவில்லை. வருமானம் உயரும்போது வாடகையும் வாகனமும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் கூடவே உயர்ந்துவிடுகின்றன. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது இன்று விட்டுக்கொடுப்பதைவிடப் பன்மடங்கு கடினம். அதுமட்டுமன்றி, களத்தைவிட்டு விலகியிருந்த நீரியலாளரை யார் உடனே வேலைக்கு எடுப்பார்கள்? தரவு ஆய்வுக்கோ, நீர்மட்டப் பதிவுகளைக் கையாண்ட அனுபவத்துடன் பிற்பாடும் போகலாம். அந்தக் கதவு அவ்வளவு விரைவாக மூடிக்கொள்ளாது.

எனக்குள்ள கவலை வேறு. பிடித்த வேலையைச் செய்பவரிடம் குறைவாகக் கொடுத்து நிறைய வாங்குவது எளிது. விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி ஸ்டூவர்ட் பண்டர்சனும் ஜெஃப்ரி தாம்ப்சனும் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது என் துறையில் இருப்பவர்களின் முகங்களே நினைவுக்கு வந்தன. இந்த வேலைக்காகவே பிறந்தவர்கள் என்று தம்மைக் கருதியவர்கள் அதில் ஆழ்ந்த பொருளைக் கண்டார்கள். ஆனால் சம்பளத்தையும் ஓய்வு நேரத்தையும் இழக்க முன்வந்தவர்களும், நிர்வாகம் தம் ஈடுபாட்டைச் சுரண்டுகிறதோ என்ற ஐயத்துடன் வாழ்ந்தவர்களும் அவர்களே. நான் பாடநூல் பதிப்பில் பணியாற்றுகிறேன். கடைசி மெய்ப்பில் ஒரு படத்தின் எண்ணும் அதைச் சுட்டும் வரியின் எண்ணும் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தும்போது எனக்குக் கிடைப்பது, நீங்கள் சுண்ணக்கட்டியில் பெற்ற நிறைவுதான். அந்த நிறைவை நம்பியே எங்களிடம் இரவு எத்தனை மணி வரை வேண்டுமானாலும் வேலை வாங்க முடிகிறது.

உங்கள் நிலையில் நான் சிறு அமைப்பையே தேர்வேன். கணக்கு ஒத்துவருகிறது, வேலையின் சலிப்பான பாதியையும் கேட்டறிந்துவிட்டீர்கள். ஆனால் இசைவு தெரிவிக்கும் முன் சம்பள உயர்வு எந்த அடிப்படையில், எப்போது என்பதையும், களப்பயண நாள்களுக்கு ஈடாக விடுப்பு உண்டா என்பதையும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் மாதத்தில் சில நாள்களாவது கிணறுகளுக்குப் போக முடியுமா என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடமாக இருந்தால், இம்மாத இறுதிக்குள் அதைத் தெரிந்துகொள்வதே நல்லது.