கறிவேப்பிலைச் சாடியை எப்போது உள்ளே எடுப்பது?

கேள்வி:
வணக்கம். இந்த வசந்தத்தில்தான் கனடாவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். அதற்கு முன் அடுக்குமாடியில் இருந்ததால் தோட்டம் எங்களுக்குப் புதிது. அம்மா பிள்ளைபோல வளர்க்கும் கறிவேப்பிலை, கோடை முழுவதும் பின்வளவில் சாடியோடு நின்று இடுப்பளவுக்குத் தழைத்திருக்கிறது. அதை எப்போது உள்ளே எடுக்க வேண்டும்? தக்காளிப் பாத்தியைக் குளிருக்கு முன் என்ன செய்வது?

மறுமொழி 1:
உறைபனி வரும்வரை காத்திருக்காதீர்கள். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டிக் கபில நிறப் பொட்டுகள்போல இருந்து, நகத்தால் சுரண்டினால் கழன்று வருபவை செதில் பூச்சிகள். அவை இருந்தால் இலைகள் பிசுபிசுக்கும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் தண்டையும் இலையையும் துடைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் கழுவுங்கள். கவனிக்காமல் உள்ளே கொண்டுபோய், மார்கழிக்குள் செடி மொட்டையாகி நின்றதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னவருடன் உடன்படுகிறேன். ஆனால், பூச்சியே இல்லாவிட்டாலும் வெளிச்சம் குறைவதால் சில இலைகள் உதிரும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இலை உதிர்கிறதே என்று பயந்து தண்ணீரை அதிகம் ஊற்றுவதால்தான் பலருடைய செடிகள் வேரழுகிப் போகின்றன. தெற்குப் பார்த்த யன்னலருகே வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். சாடி மாற்றுவதையும் பசளையிடுவதையும் வசந்தம்வரை தள்ளிப்போடுங்கள்.

பாத்தியைப் பொறுத்தவரை, கருகல் நோய் கண்ட தக்காளிச் செடிகளை வீட்டு எருக்குழியில் போடாமல், நகரசபை எடுத்துச்செல்லும் கடதாசிப் பைகளில் கட்டி வையுங்கள். வெறுமையான அந்த இடத்தில் ஒக்டோபரில் உள்ளி நடலாம். பல்லின் கூர்முனை மேலே இருக்கும்படி 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றி, உதிர்ந்த மேப்பிள் இலைகளை நறுக்கி மேலே தடிப்பாகப் பரப்புங்கள். கடை உள்ளி பல வேளைகளில் வெளிநாட்டிலிருந்து வருவது. ஒன்ராறியோ விவசாயிகளிடம் வாங்கும் விதையுள்ளி நம் குளிரைத் தாங்கி ஜூலையில் விளைச்சல் தரும்.

மறுமொழி 3:
ஒன்று விடுபட்டுவிட்டது. வெளிக்குழாயை வீட்டுக்குள்ளிருந்து பூட்டிவிட்டு, எஞ்சிய தண்ணீரை வடியவிடுங்கள். உறைந்தால் குழாய் வெடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மா இன்று மாலையே இலைகளைத் திருப்பிப் பார்த்தார். கீழ்க்கிளையில் அந்தக் கபிலப் பொட்டுகள் இருக்கின்றன. நாளைக் காலை முதல் வேலையாகக் கழுவுகிறோம்.