பழைய பருத்திச் சேலையில் கவுதி: எத்தனை அடுக்கு, தையலை எங்கே தொடங்குவது?

தேன்கனிக்கோட்டை_வாசகி:
மார்கழிக் குளிருக்குள் ஒரு ஆள் போர்த்துகிற கவுதி, அதாவது பழந்துணியை அடுக்கித் தைக்கிற போர்வை, தைக்க வேண்டும். கையில் இருப்பது நான்கு பழைய சேலை, கொஞ்சம் புதுக் காடாத் துணி. ஒரு சேலை பாலியெஸ்டர் கலந்ததோ என்று சந்தேகம். எத்தனை அடுக்கு வைக்கலாம்? நடுவில் உப்பாமல் இருக்க எங்கிருந்து தைப்பது? கன்னடத்தில் கவுதி, தெலுங்கில் பொந்த என்கிற இந்த வேலையின் பழமையும், கட்டம் கட்டமாக ஒட்டுப்போடும் வழக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல்:
முதலில் சந்தேகச் சேலை. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலானால் பருத்தி. சுருங்கிக் கெட்டியான மணியாக உருண்டால் பாலியெஸ்டர் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடுங்கள். வழுக்கும் துணி அடுக்குக்குள் நிற்காது, வியர்வையையும் உறிஞ்சாது.

காடாவும் வேண்டாம். புதுத் துணி முதல் இரண்டு மூன்று துவைப்பில் சுருங்கும், பழைய சேலை இனிச் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே மேல்பக்கம் சுருக்கம் சுருக்கமாக ஏறிக்கொள்ளும். பழந்துணியைத் தேடுவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. பலமுறை துவைத்து மெலிந்த துணியில்தான் நான்கு அடுக்கையும் ஊசி ஒரே குத்தில் துளைக்கும்.

ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக வெட்டினால் 9 அடி நீளத்தில் இரண்டு துண்டு, அகலம் 45 அங்குலம். இரண்டு சேலையில் நான்கு அடுக்கு வந்துவிடும், ஒருவருக்கு அது போதும். ஆறுக்கு மேல் போனால் துவைத்த பின் உள்ளடுக்கு காயாமல் நாற்றம் பிடிக்கும். நீளத்தை 7 அடிக்கு நறுக்கி, மீதியையும் மூன்றாவது சேலையையும் ஒட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சிப் பசை இருந்தால் பூச்சி அரிக்கும், வெந்நீரில் அலசி எடுங்கள். சிவப்பு, மெரூன் துண்டுகளை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம்.

அடுக்குகளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்து இழுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சாண் இடைவெளியில் தற்காலிகத் தையல் போடுங்கள். ஓரத்தை முதலில் மூடினால் தளர்ச்சி எல்லாம் நடுவில் வந்து சேரும், உப்புவது அதனால்தான். பிறகு நீளவாக்கில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டுத்தையல். 44 வரி வரும், இரட்டை நூலாக 250 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கை நீளத்துக்கு மேல் நூல் கோர்த்தால் முறுக்கிக்கொள்ளும். கோணி ஊசி வேண்டவே வேண்டாம், நைந்த துணியில் அது போட்ட ஓட்டை மூடாது.

ஓசூர்_ஒட்டுத்துணி:
ஊசிநூல் சொன்னது முழுத்துணி அடுக்குக்குச் சரி. ஆனால் ஓரத்திலிருந்து தொடங்குகிற மரபும் இருக்கிறது. வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, ஒட்டுகளை மடித்து வைத்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பார்கள். தளர்ச்சியை அடுத்தடுத்த ஒட்டு வாங்கிக்கொள்வதால் உப்பாது. நான்கு மூலையிலும் சிறு துணிக்கொத்து வைப்பார்கள், அதற்குப் பெயர் 'பூலா'. பூ என்றுதான் பொருள்.

வங்காளத்தில் பழந்துணியை அடுக்கித் தைக்கிற காந்தாவும் இதே குடும்பம். நம் 'கந்தை'க்கும் அதற்கும் வடமொழி 'கந்தா'தான் வேர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் வங்காளத்திலிருந்து மஞ்சள் டசர் பட்டு நூலால் பூவேலை செய்த பருத்தி மெத்தை விரிப்புகளை வாங்கிப் போனார்கள். வீட்டுக் காந்தாவுக்கோ பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே போதும்.

கட்டத்துக்கு எனக்குப் பிடித்த மூலம் பௌத்தத்தில் இருக்கிறது. மகத நாட்டில் வரப்பு கட்டிய வயல்களைக் காட்டி, இப்படிச் சீவரம் (துறவி ஆடை) தைக்க முடியுமா என்று புத்தர் தம் சீடர் ஆனந்தரைக் கேட்டதாக, துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகம் சொல்கிறது. துண்டுகளைச் சேர்த்த அந்த வடிவில்தான் இன்றும் துறவிகளின் ஆடை தைக்கப்படுகிறது. பாலக்கோட்டு வயலை மேட்டிலிருந்து பார்த்தால் உங்களுக்கும் ஒரு மாதிரி கிடைக்கும்.

தேன்கனிக்கோட்டை_வாசகி:
நன்றி. சேலைக் கரையில் ஜரிகை இருக்கிறது. விளிம்புப் பட்டிக்கு ஆகுமா?

ஊசிநூல்:
ஜரிகை ஆகாது, கழுத்தில் உரசும். வெறும் நூல்கரையை மூன்று அங்குலப் பட்டியாக நறுக்கி, இருபுறமும் மடித்துத் தையுங்கள். முதலில் நைந்துபோவது தலைப்பக்கம்தான், அங்கே மட்டும் இரட்டைப் பட்டி. துவைத்ததும் கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரக் கனத்தில் தையல் இழுபடும். கயிற்றுக் கட்டிலிலோ சுத்தமான பாறையிலோ விரித்து, மதியம் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.